ரெஸ்யூமேல 'எம்.எஸ். ஆபீஸ் தெரியும்'னு போடுறோம்... நிஜமா தெரியுமா? சொற்செயலியை வகுப்பறையில் எப்படிக் கற்றுத்தரலாம்?

வேலைக்கான ரெஸ்யூமே ரெடி. வீட்டு லேப்டாப்பில் பார்த்தபோது பக்காவாக இருந்தது. பிரின்ட் எடுக்க பிரவுசிங் சென்டரில் ஓப்பன் செய்தால், வலது ஓரத்தில் வரிசையாக நின்ற வருடங்கள் ஒன்று முன்னே, ஒன்று பின்னே என்று கலைந்து கிடக்கின்றன. ஒரே பக்கத்தில் முடிந்த ரெஸ்யூமே, இரண்டாம் பக்கத்தில் இரண்டு வரியோடு தொங்குகிறது. "இந்த சிஸ்டம்ல ஏதோ பிரச்சினை" என்று சென்டர்காரர் மேல் பழியைப் போட்டுவிட்டு, அங்கேயே உட்கார்ந்து மறுபடி சரிசெய்வோம்.

பெரும்பாலும் தப்பு அந்த சிஸ்டம் மேல் இல்லை. வருடங்களை வலது ஓரத்துக்குத் தள்ள ஸ்பேஸ்பாரை இருபது தடவை தட்டினோமே, அங்கேதான் பிரச்சினை. நம் லேப்டாப்பில் இருந்த ஃபான்ட் சென்டர் கணினியில் இல்லை. வேறு ஃபான்ட் வந்து உட்கார்ந்ததும் எழுத்துகளின் அகலம் மாறியது. இருபது ஸ்பேஸ் கணக்கும் தப்பியது.

வேடிக்கை என்னவென்றால், அதே ரெஸ்யூமேயில் 'கணினித் திறன்: எம்.எஸ். ஆபீஸ்' என்று ஒரு வரியும் இருக்கும்.

இது தனிப்பட்ட யாருடைய குறையும் அல்ல. சொற்செயலி, அதாவது வேர்ட், ரைட்டர், கூகுள் டாக்ஸ் போன்ற மென்பொருள்கள், நமக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கப்பட்டன என்பதில் இருக்கிற கோளாறு.

டைப்ரைட்டர் விட்டுச்சென்ற பழக்கம்

ஒவ்வோர் ஊரிலும் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். பல ஊர்களில் இன்னமும் இருக்கிறது. அரசின் தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்தும் லோயர், ஹையர் தேர்வுகளுக்கு இன்றும் கூட்டம் குறையவில்லை. டி.என்.பி.எஸ்.சி. தட்டச்சர் பணிக்கு அந்தச் சான்றிதழோடு 'ஆபீஸ் ஆட்டோமேஷன்' என்ற கணினிச் சான்றிதழும் கேட்கப்படுவதால், தட்டச்சும் வேர்டும் நம் ஊரில் ஒட்டிப்பிறந்த பிள்ளைகள் மாதிரி ஆகிவிட்டன.

ஆனால், இரண்டும் ஒன்றல்ல. சாதாரண டைப்ரைட்டரில் எந்த எழுத்தைத் தட்டினாலும் வண்டி ஒரே அளவுதான் நகரும். அங்கே ஸ்பேஸ் எண்ணித் தட்டி வரிசைப்படுத்துவது சரியான முறை. வரி முடியும் நேரத்தில் மணி அடிக்கும். லீவரைத் தள்ளி அடுத்த வரிக்குப் போக வேண்டும். கணினியில் வரி தானாக மடங்கும். நாம் பயன்படுத்தும் ஃபான்ட்களில் பெரும்பாலானவற்றில் எழுத்துக்கு எழுத்து அகலம் வேறு. தமிழில் 'ர' எவ்வளவு ஒல்லி, 'ணை' எவ்வளவு அகலம் என்று பார்த்தாலே புரியும். அப்புறமும் வரிக்கு வரி என்டர், வரிசைக்கு ஸ்பேஸ் என்று போகிறோம் என்றால், மெஷின் மாறியும் விரல் மாறவில்லை என்றுதான் அர்த்தம்.

பள்ளியில் என்ன சொல்லித்தருகிறார்கள்?

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குக் கணினி புதுசு இல்லை. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் பிளஸ் டூ மாணவர்கள் கையில் லேப்டாப்பைக் கொடுத்தது. பிறகு 6,000-க்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் வந்தது. 2018-ல் மாறிய பாடத்திட்டத்தில், 11-ம் வகுப்பு கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் ஓப்பன் ஆபீஸ் ரைட்டர் ஒரு தனிப் பாடமாகவே இருக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளைத் தவிர்த்து இலவச மென்பொருளைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு.

சிக்கல் தேர்வில் வருகிறது. 'இந்த வசதி எந்த மெனுவில் இருக்கும்?', 'இதற்கான ஷார்ட்கட் கீ எது?' என்று ஒரு மதிப்பெண் கேள்வி கேட்டால், பிள்ளைகள் மெனுவை மனப்பாடம்தான் செய்வார்கள். மென்பொருளின் அடுத்த பதிப்பில் மெனு இடம் மாறினால் படித்த அத்தனையும் வீண். எங்கே இருக்கிறது என்பதைவிட, எதற்காக இருக்கிறது என்பதுதான் கற்றுத்தர வேண்டியது. அதற்குப் பாடம் நடத்துவதைவிட வேலை கொடுப்பது பலன் தரும். புத்தகத்தைப் பார்த்து ஒரு பத்தியை டைப் செய்யச் சொல்வது இந்தக் கணக்கில் வராது. அது தட்டச்சுப் பயிற்சி மட்டுமே.

அப்படியென்றால் என்ன வேலை கொடுக்கலாம்?

முதலில் கெட்டுப்போன ஒரு கடிதம்

விடுப்பு விண்ணப்பம் தெரியாத மாணவர் யாரும் கிடையாது. அனுப்புநர், பெறுநர், பொருள், 'மதிப்பிற்குரிய ஐயா' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார்கள். அதையே எடுத்துக்கொள்ளலாம். ஆசிரியர் ஒரு கடிதத்தை வேண்டுமென்றே தப்பாகத் தயாரிக்கிறார். தேதியை ஸ்பேஸ் தட்டியே வலது பக்கம் தள்ளியிருக்கிறார். வரிக்கு வரி என்டர். அடுத்த பக்கம் போக என்டரையே முப்பது முறை. திரையில் பார்த்தால் கடிதம் அழகாகத்தான் இருக்கும்.

இப்போது மாணவர்களுக்கு ஒரே ஒரு வேலை: எழுத்தின் அளவை 12-லிருந்து 14 ஆக மாற்றுங்கள். அவ்வளவுதான். தேதி கீழே விழும். வரிகள் பாதியில் உடையும். கையெழுத்து எங்கேயோ போய் நிற்கும்.

"என்ன ஆச்சு?" என்று வகுப்பே கேட்கிற அந்த நேரத்தில்தான் பாடம் தொடங்க வேண்டும். ரைட்டரில் கன்ட்ரோல் + எஃப்10, வேர்டில் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + 8 தட்டினால், மறைந்திருக்கும் குறிகள் எல்லாம் வெளியே வரும். ஒவ்வொரு ஸ்பேஸும் ஒரு சின்னப் புள்ளி. ஒவ்வொரு என்டரும், 'பி' என்ற ஆங்கில எழுத்தைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒரு குறி. டேப் தட்டிய இடத்தில் ஓர் அம்பு. அதுவரை வெற்றிடம் என்று நினைத்த இடத்தில் முப்பது புள்ளி வரிசை கட்டி நிற்பதைப் பார்த்த பிறகு, வலது ஓர அலைன்மென்ட், டேப், பேஜ் பிரேக் ஆகிய மூன்றும் எதற்கு என்று நீட்டி முழக்கத் தேவையிருக்காது. அதே கடிதத்தைச் சரிசெய்யச் சொல்லி, மறுபடி அளவை மாற்றச் சொல்ல வேண்டும். இந்த முறை எதுவும் சிதறக் கூடாது. அதுதான் பரீட்சை.

இந்த ஒரு பயிற்சிக்கு இரண்டு பீரியட் போனாலும் பரவாயில்லை. மற்ற எல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன.

கத்தரி, பசை, ஒரு பழைய பேப்பர்

கரன்ட் இல்லாத நாளும் வரும். நாற்பது பேருக்குப் பத்து கணினிதான் ஓடுகிறது என்ற நிலையும் வரும். அப்போது கணினியே தேவைப்படாத பயிற்சி ஒன்று கைகொடுக்கும். ஒரு கட்டுரையின் பத்திகளை வரிசை மாற்றி அச்சடித்துக் கொடுத்து, கத்தரியால் வெட்டி, சரியான வரிசையில் ஒட்டச் சொல்லலாம்.

விளையாட்டு மாதிரி தெரியும். ஆனால், கட், பேஸ்ட் என்ற பெயர்களே இப்படி வந்தவைதான். கணினிக்கு முன்பு பத்திரிகை அலுவலகங்களில் கட்டுரையை நிஜமாகவே வெட்டித்தான் ஒட்டினார்கள். அந்த வேலையைத் திரைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் லாரி டெஸ்லர். 1970-களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் வேலை பார்த்தவர், 2020-ல் காலமானார். இன்று கன்ட்ரோல் + சி தட்டாத நாளே நமக்கு இல்லை, அவர் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர்?

ஒட்டி முடித்ததும், எந்தப் பத்தி முதலில் வர வேண்டும் என்று இரண்டு குழுக்களுக்குள் சண்டை வரும். வரட்டும். எழுதியதை இடம் மாற்றிப் பார்க்கலாம் என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கிறது. கையால் எழுதும்போது அந்தத் துணிச்சல் வருவதில்லை.

கோபால் 'கோதயிர்' ஆன கதை

'ஃபைண்ட் அண்டு ரீப்ளேஸ்' பாடத்துக்குத் தமிழைவிட நல்ல மொழி கிடைக்காது. இப்படி ஒரு பத்தி கொடுக்கலாம்: 'கோபால் காலையில் பால் வாங்கினார். பாலில் தண்ணீர் கலந்திருந்தது. பால்காரரிடம் கோபால் கோபப்பட்டார்.' இதில் 'பால்' என்பதை எல்லாம் 'தயிர்' என்று மாற்றச் சொல்லுங்கள்.

'கோதயிர் காலையில் தயிர் வாங்கினார். பாலில் தண்ணீர் கலந்திருந்தது. தயிர்காரரிடம் கோதயிர் கோபப்பட்டார்.'

சிரிப்பு அடங்கியதும் கேள்விகள் தானாக வரும். கோபால் ஏன் மாறினார்? 'பாலில்' ஏன் மாறவில்லை? கணினிக்குச் சொல் தெரியாது, எழுத்து வரிசை மட்டும்தான் தெரியும் என்பது அங்கே விளங்கும். 'பால்' என்பதற்கு முன்னால் ஒரு ஸ்பேஸ் சேர்த்துத் தேடினால் கோபால் தப்பித்துவிடுவார். பால்காரர் தப்ப மாட்டார். 'பாலில்', 'பாலை', 'பாலுக்கு' என்று வேற்றுமை உருபு சேர்ந்தவற்றைத் தனித்தனியாகத்தான் மாற்ற வேண்டும். கணினிப் பாடத்துக்கு நடுவில் இலக்கணப் பாடமும் நடந்துவிடும். தமிழாசிரியரும் கணினி ஆசிரியரும் சேர்ந்து எடுக்கக்கூடிய பாடம் இது.

அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஒப்பந்தத்தில் ஒரு பெயரை 'ரீப்ளேஸ் ஆல்' கொடுத்து மாற்றிவிட்டு, அது வேறு எங்கே போய் விழுந்தது என்று தேடி அலைந்தவர்கள் நம்மில் உண்டு.

தமிழில் தட்டத் தெரிய வேண்டாமா?

சொற்செயலி வகுப்பு பல இடங்களில் ஆங்கிலத்திலேயே முடிந்துவிடுகிறது. தமிழில் செய்திகளைப் போனில் தங்கிலீஷில் தட்டிவிட்டு, கணினியில் தமிழ் என்றாலே டி.டி.பி. சென்டருக்கு ஓடுகிறோம். அங்கே இன்னொரு வம்பு காத்திருக்கிறது. பாமினி போன்ற பழைய ஃபான்ட்களில் அடித்த கோப்பு, அந்த ஃபான்ட் இல்லாத போனில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். 'தமிழ்' என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று வந்து நிற்கும். ஏனென்றால் பாமினியில் உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துதான். தமிழ் என்பது அதன் மேல் போட்ட சட்டை. யூனிகோடில் 'த' என்ற எழுத்துக்கே தனி எண் இருக்கிறது. அதனால் எந்தக் கருவிக்குப் போனாலும் அது 'த'தான். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தன் தர எழுத்துக் குறியீடாக அறிவித்துவிட்டது. ஒரே வரியைப் பாமினியிலும் யூனிகோடிலும் அடித்துக் கொடுத்து, இரண்டையும் போனில் திறக்கச் சொன்னால் போதும். ஐந்து நிமிடத்தில் வித்தியாசம் புரிந்துவிடும்.

விசைப்பலகைக்கு வருவோம். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் உருவான தமிழ்99 அமைப்பு, இன்றைய விண்டோஸிலேயே இருக்கிறது. உயிரெழுத்துகள் இடது கைப் பக்கம். மெய்கள் பெரும்பாலும் வலது கைப் பக்கம். அ, இ, உ, புள்ளி, எ, க, ப, ம, த, ந, ய எல்லாம் நடு வரிசையிலேயே வந்துவிடுகின்றன. 'தகுதி', 'பகுதி', 'மிகுதி' ஆகிய சொற்களை விரல் அந்த வரிசையை விட்டு நகராமலே அடித்துவிடலாம். 'பந்து' அடிக்க ப, ந, த, உ என்று நான்கு தட்டு போதும். புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். 'அம்மா'வுக்கும் அ, ம, ம, ஆ என்று நான்குதான்.

இதை வைத்து ஒரு போட்டி நடத்தலாம்: நடு வரிசையை விட்டு நகராமல் யார் அதிகச் சொற்கள் கண்டுபிடிக்கிறார்கள்? விசைப்பலகையை மனப்பாடம் செய் என்று சொன்னால் முகம் சுளிக்கும் பிள்ளைகள், இதற்குப் போட்டி போட்டு வருவார்கள். இடையில் ஒரு குட்டி மேஜிக்: 'கொ' என்று அடித்துவிட்டு ஒரே ஒரு முறை பேக்ஸ்பேஸ் தட்டிப் பாருங்கள். 'க' மட்டும் நிற்கும். கண்ணுக்கு மூன்று துண்டாகத் தெரியும் 'கொ', கணினிக்கு க-வும் ஒகரக் குறியுமாக இரண்டு துண்டுதான்.

எல்லோரும் சேர்ந்து ஓர் இதழ்

நம் பள்ளிகளுக்குக் கையெழுத்துப் பத்திரிகை பழக்கமான விஷயம். அதையே சொற்செயலியில் செய்யலாம். ஆளுக்கு ஒரு பக்கம். தெருவில் இருக்கும் பழைய கடையைப் பற்றியோ, பாட்டியிடம் கேட்ட சமையலைப் பற்றியோ, ஊர்க் குளத்தைப் பற்றியோ எழுதி, எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்க்க வேண்டும். தலைப்பை எப்படி வைக்க வேண்டும் என்று முதலில் எதுவும் சொல்லக் கூடாது. பாதிப் பேர் எழுத்தைப் பெரிதாக்கி போல்டு போடுவார்கள். சிலர் சிவப்பு. ஒருத்தர் கண்டிப்பாக வானவில் எழுத்து போடுவார்.

கடைசியில், பொருளடக்கத்தைத் தானாக உருவாக்கும் கட்டளையைக் கொடுத்தால், ஒன்றும் வராது. அல்லது ஒன்றிரண்டு தலைப்பு மட்டும் வரும். 'ஹெடிங் 1' என்ற ஸ்டைலில் வைத்த தலைப்புகளைத்தான் மென்பொருள் தலைப்பாக எடுத்துக்கொள்ளும். போல்டு போட்டால் மனிதக் கண்ணுக்குத் தலைப்பு. கணினிக்கு அது கொஞ்சம் தடித்த இன்னொரு வரி. எல்லாத் தலைப்புகளுக்கும் ஸ்டைல் கொடுத்த பிறகு, நாற்பது பக்கத்துக்கும் பொருளடக்கம் ஒரே கிளிக்கில். 'ஹெடிங் 1' நிறத்தை ஒரு இடத்தில் மாற்றினால் நாற்பது தலைப்பும் மாறும். ரைட்டரில் எஃப்5 தட்டி நேவிகேட்டரைத் திறந்து ஒரு தலைப்பை மேலே இழுத்தால், அதன் கீழுள்ள முழுக் கட்டுரையும் கூடவே நகரும். கத்தரியும் பசையும் வைத்துச் செய்த அதே வேலை.

ஸ்டைல் விஷயத்தை அழகுக்காக என்று நினைத்துக் கடந்துவிடக் கூடாது. பார்வைக் குறைபாடுள்ள ஒரு மாணவர், என்.வி.டி.ஏ. போன்ற இலவசத் திரைவாசிப்பான் மூலம் இதே இதழைக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தலைப்புகளுக்கு ஸ்டைல் இருந்தால், ஒரு விசையைத் தட்டித் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவலாம். வெறும் போல்டு என்றால், முப்பதாவது பக்கத்தில் இருக்கும் தன் நண்பரின் கட்டுரையைத் தேடி, முதலிலிருந்து கேட்டுக்கொண்டே வர வேண்டும். அவர் இருக்கும் வகுப்பில், யாரோ ஒருவர் செய்யும் பத்து விநாடி வேலை அவருடைய அரை மணி நேரத்தைக் காப்பாற்றுகிறது. ஆண்டு இறுதியில் ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், இந்த இதழ் பயிற்சியைத் தேர்ந்தெடுக்கலாம்.

இதழில் இன்னொரு வேலையும் மிச்சம் இருக்கிறது: ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்துவது. 'டிராக் சேஞ்சஸ்' ஆன் செய்துவிட்டுத் திருத்தினால், எதை நீக்கினார், எதைச் சேர்த்தார் என்பது நிறத்தோடு தெரியும். எழுதியவர் ஒவ்வொன்றாகப் பார்த்து ஏற்கலாம், நிராகரிக்கலாம். "ஏன் இதை எடுத்தே?" என்று கேட்கும் உரிமை அவருக்கு இருக்கிறது. ஒரு கணினிக்கு இரண்டு பேர் என்ற குறையும் இங்கே வசதியாகிவிடும்: ஒருவர் சொல்ல, மற்றவர் தட்ட, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றம். மாற்றாவிட்டால், ஏற்கெனவே தெரிந்தவர் கையிலேயே கீபோர்டு தங்கிவிடும். இதை ஆசிரியர்தான் கடிகாரம் பார்த்துக் கவனிக்க வேண்டும்.

மெயில் மெர்ஜுக்கு நேரம் இருந்தால், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கான அழைப்பைப் பெற்றோர் ஒவ்வொருவர் பெயரிலும் தயாரிக்கச் சொல்லலாம். ஒரு கடிதம், ஒரு பெயர்ப் பட்டியல், நாற்பது அழைப்பு.

மதிப்பெண் எப்படிப் போடுவது?

பிரின்ட் அவுட்டைப் பார்த்துப் போடவே கூடாது. ஸ்பேஸ் தட்டியவரின் கடிதமும் டேப் வைத்தவரின் கடிதமும் தாளில் ஒரே மாதிரிதான் இருக்கும். கோப்பைத் திறந்து, மறைந்த குறிகளை வெளியே கொண்டுவந்து, எழுத்தின் அளவை ஒருமுறை மாற்றிப் பார்த்தால் முப்பது விநாடியில் தெரிந்துவிடும், யார் புரிந்து செய்தார், யார் பார்த்துச் செய்தார் என்று. ரெக்கார்டு நோட்டில் மெனு படம் வரைந்து ஒட்டுவதற்குச் செலவாகும் நேரத்தில் இதைச் செய்துவிடலாம்.

எல்லாம் ஏ.ஐ. பார்த்துக்கொள்ளாதா?

நியாயமான கேள்வி. சாட் ஜிபிடியிடம் கேட்டால் விடுப்புக் கடிதம் என்ன, திட்ட அறிக்கையே எழுதித் தருகிறது. ஆனால், அங்கிருந்து காப்பி செய்து வேர்டில் ஒட்டியவர்களுக்குத் தெரியும்: சில நேரம் நட்சத்திரக் குறிகள் கூடவே வரும், சில நேரம் வேறு ஃபான்ட், வேறு நிறம், பின்னால் சாம்பல் பட்டை. ஏற்கெனவே இருக்கும் பக்கத்தோடு அது ஒட்டவே ஒட்டாது. வடிவமில்லாமல் எழுத்தை மட்டும் ஒட்டும் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + வி தெரிந்தவருக்கு இது ஒரு நிமிட வேலை. தெரியாதவர் அரை மணி நேரம் போராடுவார். எழுதித் தருவது யாராக இருந்தாலும், கடைசியில் அதை அனுப்பக்கூடிய ஒரு கோப்பாக்குவது நாம்தான்.

இப்போதே ஒரு சோதனை

பள்ளிப் பிள்ளைகள் கதை இருக்கட்டும். உங்கள் ரெஸ்யூமேயை வேர்டில் திறந்து கன்ட்ரோல் + ஷிஃப்ட் + 8 தட்டுங்கள். வருடங்களுக்கு முன்னால் புள்ளிகள் வரிசையாக நின்றால் அவற்றை அழித்துவிடுங்கள். ரூலரின் இடது ஓரத்தில் இருக்கும் குட்டிப் பெட்டியை 'ரைட் டேப்' வரும்வரை கிளிக் செய்து, ரூலரின் வலது ஓரத்தில் ஒரு கிளிக். பிறகு வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு டேப். ஒவ்வொரு வரியிலும் இப்படிச் செய்துவிட்டு, ஃபான்ட்டை ஒருமுறை மாற்றிப் பாருங்கள். வருடங்கள் இடத்தை விட்டு நகராது.